மலை ஏறாத மருந்து

விரல் நுனியில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுக்கிறார்கள். அதைக் கண்ணாடித் தகட்டில் விட்டு, மேலே மெல்லிய கண்ணாடி வில்லையைப் பொருத்தி, ஓரங்களை வாசலின் தடவி அடைக்கிறார்கள். இனி உள்ளே காற்று புகாது. துளிக்குள் மிச்சமிருக்கும் ஆக்சிஜன் கொஞ்சம் கொஞ்சமாகத் தீரும். சில மணி நேரம் கழித்து நுண்ணோக்கியில் பார்த்தால், பெரும்பாலோரின் சிவப்பணுக்கள் அப்போதும் வட்டமாகவே இருக்கும். சிலருடைய ரத்தத்தில் மட்டும் அந்த வட்டங்கள் ஒடுங்கி, இரு முனையும் கூராகி, கதிர் அறுக்கும் அரிவாளைப் போல வளைந்து கிடக்கும்.

1952-இல் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் இந்த அரிவாள்கள் நீலகிரியில் இருப்பதை உலகுக்குச் சொன்னார்கள். இருளர், குறும்பர், பணியர் ஆகிய பழங்குடியினரிடம் அவர்கள் கண்டது 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் கட்டுரையாக வந்தது. அதே ஆண்டு, மேல் அஸ்ஸாமின் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடமும் இதே நோய் இருப்பது பதிவானது. ஆப்பிரிக்க வழியினருக்கு உரியது என்றே பெரும்பாலும் கருதப்பட்டுவந்த அரிவாள் செல் சோகை, இந்தியாவின் காடுகளிலும் தோட்டங்களிலும் யாரும் பெயர் வைக்காமலே ஆட்களை வாட்டிக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது.

இன்று இந்த நோயைக் கட்டுக்குள் கொண்டுவரும் ஸ்டெம் செல் சிகிச்சை இருக்கிறது. அமெரிக்காவில் ஒருவருக்கு அதன் விலை 22 லட்சம் டாலர். 2023-ஆம் ஆண்டு மதிப்பில் சுமார் 18 கோடி ரூபாய். நீலகிரியில் எடுத்த அந்த ரத்தத் துளிக்கும் இந்தப் பதினெட்டுக் கோடிக்கும் நடுவே நடந்தவைதான் இந்த அத்தியாயம்.

ஒரே ஓர் எழுத்துப் பிழை

நலமான சிவப்பணு, நடுவில் விரலால் அமுக்கிய மாவு உருண்டை போல இருக்கும். வளைந்து நெளிந்து, தன்னைவிடக் குறுகலான ரத்தக் குழாய்களிலும் நுழைந்து வெளியேறும். சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும். அதற்குள் நிறைந்திருக்கும் ஹீமோகுளோபின் என்ற புரதம்தான் ஆக்சிஜனைச் சுமக்கிறது.

அரிவாள் செல் நோயில் ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தை வாலின் பிடித்துக்கொள்கிறது. மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியதன் விளைவு இது. ஆக்சிஜனை இறக்கி வைத்ததும் இந்த ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டி, நார் நாராகத் திரண்டு, செல்லை உள்ளிருந்து விறைக்கச் செய்கின்றன. விறைத்த செல்கள் சிறு குழாய்களில் சிக்கிக்கொள்ளும். ரத்தம் போகாத இடத்தில் வலி தொடங்கும். நெஞ்சிலும் முதுகிலும் மூட்டுகளிலும் எலும்பை நொறுக்குவது போன்ற வலி, நாள்கணக்கில். மண்ணீரல் பழுதாகும், அதனால் சாதாரணக் கிருமியும் குழந்தையின் உயிரைப் பறிக்கும். சிறு வயதிலேயே பக்கவாதம் வருவதும் உண்டு. அரிவாள் செல்லின் ஆயுளோ 10 முதல் 20 நாள்தான். அதனால் சோகை தீராமல் தொடர்கிறது.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் பிழையான மரபணு வந்தால்தான் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் குழந்தை அதைச் சுமக்கும்; ஆனால் பெரும்பாலும் நலமாகவே இருக்கும். அப்படிச் சுமப்பவர்களுக்கு மலேரியாவிலிருந்து நல்ல பாதுகாப்பு கிடைக்கிறது என்பதை 1954-இல் அந்தோனி அல்லிசன் காட்டினார். ஆப்பிரிக்கா, அரேபியா, மத்திய இந்தியா, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம் என்று மலேரியா வாட்டிய நிலங்களில் இந்த மரபணு தங்கிவிட்டதற்குக் காரணம் இதுதான்.

முதலில் புரிந்தது, கடைசியில் கவனித்தது

சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக், கரீபியத் தீவான கிரெனடாவிலிருந்து பல் மருத்துவம் படிக்க வந்திருந்த வால்டர் கிளமென்ட் நோயல் என்ற கறுப்பின மாணவரின் ரத்தத்தில் கண்ட விசித்திர வடிவங்களை 1910-இல் எழுதி வெளியிட்டார். 1949-இல் லைனஸ் பாலிங்கின் குழு, இது ஒரு மூலக்கூறின் கோளாறு என்று நிறுவியது. ஒரு நோயின் வேர் குறிப்பிட்ட ஒரு மூலக்கூறில் இருக்கிறது என்று மருத்துவ வரலாற்றில் முதன்முதலாகச் சொல்லப்பட்டது அப்போதுதான். சில ஆண்டுகளில் வெர்னன் இன்கிராம் பிழை எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் காட்டிவிட்டார்.

இவ்வளவு சீக்கிரம் புரிந்த நோய்க்கு மருந்தும் சீக்கிரம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பெரியவர்களுக்கான முதல் மருந்தாக ஹைட்ராக்ஸியூரியாவை அமெரிக்கா ஏற்றது 1998-இல். பாலிங்கின் கட்டுரைக்கும் அதற்கும் இடையே 49 ஆண்டுகள்.

ஏன் இந்தத் தாமதம் என்பதை வர்ஜீனியா மாநில மருத்துவர் ராபர்ட் ஸ்காட் 1970-இல் எண்களாலேயே காட்டினார். நார்த்திசு நீர்க்கட்டி நோயான சிஸ்டிக் ஃபைப்ரோஸிஸ் பெரும்பாலும் வெள்ளையரைத் தாக்குவது. அதற்கும் அரிவாள் செல் நோய்க்கும் அமெரிக்காவில் ஆண்டுதோறும் புதிதாகச் சேரும் நோயாளிகளின் எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒன்றே. ஆனால் முன்னதற்குத் தன்னார்வ அமைப்புகள் திரட்டிய தொகை 19 லட்சம் டாலர்; பின்னதற்கு ஒரு லட்சத்தைக்கூட எட்டவில்லை. கறுப்பினத்தவர் உரிமை இயக்கத்தின் குரல் ஓங்கிய பிறகு, 1972-இல்தான் இந்த நோய்க்கென்று தனிச் சட்டம் இயற்றப்பட்டது. அதற்குப் பின்னும் பள்ளம் மூடவில்லை. 2008 முதல் 2018 வரையிலான நிதி ஒதுக்கீட்டை ஆராய்ந்தபோது, அமெரிக்க அரசு சிஸ்டிக் ஃபைப்ரோஸிஸ் நோயாளி ஒருவருக்கு 2,807 டாலர் என்ற கணக்கிலும், அரிவாள் செல் நோயாளி ஒருவருக்கு 812 டாலர் என்ற கணக்கிலும் செலவிட்டிருந்தது. இத்தனைக்கும் அரிவாள் செல் நோயாளிகள் அந்நாட்டில் சுமார் ஒரு லட்சம் பேர். மற்றவர்கள் அதில் பாதிகூட இல்லை.

அறிவு இருந்தது. அக்கறைதான் ஆள் பார்த்து வந்தது.

குருத்தை மாற்றினால்

வாழையின் நடுவே குருத்து இருக்கும்வரை இலை விட்டுக்கொண்டே இருக்கும். எலும்பு மஜ்ஜையில் இருக்கும் ரத்த ஸ்டெம் செல்லும் அப்படித்தான். தமிழில் அதற்குக் குருத்தணு என்பது பொருத்தமான பெயர். நாளொன்றுக்குக் கோடிக்கணக்கான சிவப்பணுக்கள் அதிலிருந்து பிறந்துகொண்டே இருக்கின்றன. குருத்தில் பிழை இருந்தால் இலை ஒவ்வொன்றிலும் பிழை இருக்கும். குருத்தையே மாற்றிவிட்டால்?

இந்த நோய்க்கு அது பலிக்கும் என்பது தற்செயலாகத் தெரிந்தது. அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்திக்கு ரத்தப் புற்றுநோய்; கூடவே அரிவாள் செல் நோயும். புற்றுநோய்க்காக அவளுக்கு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்தார்கள். இரண்டு நோயும் போயின. 1984-இல் இது மருத்துவ இதழில் வெளிவந்தது.

ஆனால் மஜ்ஜையை யாரிடமிருந்து வேண்டுமானாலும் வாங்கிவிட முடியாது. எச்.எல்.ஏ. என்ற அடையாளப் புரதங்கள் கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் பொருந்த வேண்டும். உடன்பிறந்தவரிடம் அது பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு. அங்கே கிடைக்காவிட்டால் அந்நியர்களின் பதிவேட்டில் தேட வேண்டும். இங்கேதான் இரண்டாவது பள்ளம் தெரிகிறது. அமெரிக்காவின் தேசியப் பதிவேட்டில் முழுப் பொருத்தமுள்ள கொடையாளர் இருக்கும் வாய்ப்பு வெள்ளையருக்கு 79 சதவீதம். கறுப்பினத்தவருக்கு 29 சதவீதம். யாருக்கு இந்த நோய் அதிகமோ அவர்களுக்கே கொடையாளர் குறைவு.

காரணங்கள் இரண்டு. ஒன்று, மனித குலத்தின் தாய்வீடு ஆப்பிரிக்கா. அங்கே மரபணு வகைகள் மிக அதிகம். அதனால் இருவருக்கு ஒத்துப்போவது கடினம். மற்றொன்று, பதிவு செய்தவர்களே குறைவு. உலகம் முழுவதும் நாலு கோடிக்கும் மேற்பட்டோர் ஸ்டெம் செல் கொடைக்குப் பதிந்திருக்கிறார்கள். அதில் ஜெர்மனி என்ற ஒரு நாட்டின் பங்கு சுமார் ஒரு கோடி.

இந்தியாவின் சிக்கல் வேறு மாதிரியானது. பல தலைமுறைகளாகத் தங்களுக்குள்ளேயே மணந்துகொண்ட ஆயிரக்கணக்கான சமூகங்கள் இங்கே. ஒரு நோயாளிக்குப் பொருந்துபவர் அவருடைய சமூகத்திலேயே இருக்க வாய்ப்பு அதிகம். அந்தச் சமூகத்திலிருந்து ஒருவரும் பதியவில்லை என்றால், பல லட்சம் பெயர் கொண்ட பதிவேடும் அவருக்கு வெற்றுத் தாள்தான். 2009-இல் சென்னையில் தொடங்கப்பட்ட 'தாத்ரி' என்ற அமைப்பு இதுவரை ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பதிவு செய்திருக்கிறது. பதிவது எளிது: கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்துக் கொடுத்தால் போதும். 140 கோடிப் பேர் வாழும் நாட்டுக்கு அந்த எண்ணிக்கை இன்னும் எவ்வளவு வளர வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

முழுப் பொருத்தம் இல்லாதவர்களுக்காக அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் ஒரு வழி கண்டார்கள். பெற்றோரோ பிள்ளையோ எப்போதும் பாதி பொருந்துவார்கள். அந்தப் பாதிப் பொருத்த மஜ்ஜையைச் செலுத்திய சில நாட்களில், சைக்ளோபாஸ்ஃபமைடு என்ற பழைய, விலை குறைந்த மருந்தைக் கொடுத்தால், சண்டை பிடிக்கும் எதிர்ப்புச் செல்கள் அடங்குகின்றன. கொடையாளர் பஞ்சத்தை உடைத்ததில் இந்த எளிய உத்திக்குப் பெரிய பங்கு உண்டு.

குழந்தையின் ரத்தம் சொன்ன ரகசியம்

கொடையாளரே வேண்டாம், நோயாளியின் சொந்தக் குருத்தையே திருத்திவிடலாம் என்ற எண்ணத்தின் விதை 1948-இல் விழுந்தது. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் குழந்தை மருத்துவரான ஜேனட் வாட்சன் ஒன்றைக் கவனித்தார். அரிவாள் செல் நோயோடு பிறக்கும் குழந்தைகளின் ரத்தத்தில் அரிவாள்கள் மிகக் குறைவு. கருவில் இருக்கும்போது சுரக்கும் ஹீமோகுளோபின் வேறு வகை. அது அவர்களைக் காக்கிறது என்று அவர் கருதினார். பிறந்த சில மாதங்களில் உடல் அந்தக் கரு ஹீமோகுளோபினை நிறுத்திவிட்டு, பெரியவர்களின் வகைக்கு மாறும். நோய் தலைகாட்டுவதும் அப்போதுதான்.

சிலருக்கு இந்த மாற்றம் முழுதாக நடப்பதில்லை. சவுதி அரேபியாவின் கிழக்குப் பகுதியிலும் நம் ஒடிசாவிலும் உள்ள நோயாளிகள் பலரிடம் கரு ஹீமோகுளோபின் இயல்பாகவே அதிகம்; அவர்களுக்கு நோயின் கடுமை குறைவு. அப்படியானால் நிறுத்தும் பொத்தான் எது? இத்தாலியின் சார்டினியா தீவு மக்களின் மரபணுவை ஆராய்ந்தபோது ஒரு தடயம் கிடைத்தது. 2008-இல் ஹார்வர்டில் விஜய் சங்கரனும் ஸ்டூவர்ட் ஆர்கினும் அதை உறுதி செய்தார்கள்: பி.சி.எல்.11.ஏ என்ற மரபணுதான் கரு ஹீமோகுளோபினை அணைக்கும் பொத்தான். புரூக்ளின் குழந்தைகள், ஒடிசாவின் கிராமத்து மக்கள், சார்டினியத் தீவினர் ஆகிய எல்லோருடைய ரத்தமும் சேர்ந்துதான் இந்த விடையைத் தந்தது.

பொத்தான் தெரிந்த நான்கே ஆண்டில், 2012-இல், அதை வெட்டும் கத்தரியும் வந்தது. ஜெனிஃபர் டவுட்னா, இம்மானுவேல் ஷார்ப்பென்டியே இருவரும் உருவாக்கிய கிரிஸ்பர்.

சிகிச்சை இப்படி நடக்கிறது. நோயாளியின் மஜ்ஜையிலிருந்து ஸ்டெம் செல்களை மருந்து கொடுத்து ரத்தத்துக்கு வரவழைத்து, எந்திரத்தின் வழியே ரத்தத்தைச் சுழற்றிப் பிரித்தெடுக்கிறார்கள். போதுமான செல்கள் சேர ஒரு தடவை போதாமல் பல தடவை வரவேண்டியிருக்கும். அவை ஆய்வகத்துக்குப் போகின்றன. கிரிஸ்பர் பொத்தானை வெட்டுகிறது. சோதித்து, உறைய வைத்துத் திரும்பி வர மாதங்கள் ஆகும். பிறகு புசல்ஃபான் என்ற கடுமையான மருந்தால் பழைய மஜ்ஜையைக் காலி செய்கிறார்கள். முடி கொட்டும், வாயெல்லாம் புண்ணாகும், பிள்ளைப் பேற்றுக்கான வாய்ப்பே போய்விடவும் கூடும். அதன்பின் திருத்திய செல்களைச் சாதாரண ரத்தம் ஏற்றுவதுபோல ரத்த நாளத்தில் ஏற்றுகிறார்கள். புதுக் குருத்து வேர் பிடிக்கும்வரை வாரக்கணக்கில் தனி அறையில் இருக்க வேண்டும்.

2019 ஜூலையில் அமெரிக்காவில் முதலில் இந்தச் சிகிச்சையைப் பெற்றவர் மிஸிஸிப்பி மாநிலத்தின் விக்டோரியா கிரே. மருத்துவச் சோதனையில் மதிப்பிடப்பட்ட 31 பேரில் 29 பேருக்கு ஓராண்டாவது கடும் வலித் தாக்குதலே வரவில்லை. 'கேஸ்கெவி' என்ற பெயரில் 2023 நவம்பரில் பிரிட்டனும், டிசம்பரில் அமெரிக்காவும் இதை அனுமதித்தன.

ஆண்டுதோறும் உலகில் சுமார் ஐந்து லட்சம் குழந்தைகள் இந்த நோயோடு பிறக்கின்றன. அவர்களில் நாலில் மூன்று பங்குக்கும் மேற்பட்டவர்கள் சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில் பிறக்கிறார்கள். அங்கே பல மாவட்டங்களில் ரத்த வங்கிகூடக் கிடையாது. 22 லட்சம் டாலர் விலையும், செல்களைப் பிரிக்கும் எந்திரமும், வாரக்கணக்கான தனி அறையும் அங்கே எப்படிப் போய்ச் சேரும்?

யாருடைய செல்லில் சோதிப்பது?

விலைக்கு முன்பே வரும் பள்ளம் ஒன்று உண்டு. அது ஆய்வகத்தின் குளிர்பெட்டிக்குள் இருக்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உலகெங்கும் பயன்பட்டுவந்த கருநிலை ஸ்டெம் செல் வரிசைகள் 47-ஐ எடுத்து அவற்றின் பூர்விகத்தைச் சோதித்தார்கள். 2010-இல் வெளியான முடிவு: பெரும்பாலானவை ஐரோப்பிய வழியினருடையவை, அண்மைக்கால ஆப்பிரிக்க வழி வந்தது ஒன்றுகூட இல்லை. மருந்து வேலை செய்கிறதா, நஞ்சாகிறதா என்று பார்க்க இத்தகைய செல்களும் பயன்படுகின்றன. சோதனைக் குழாயில் இடம்பெறாத மக்களின் உடல் எப்படி நடந்துகொள்ளும் என்பது, மருந்துக் கடைக்கு வந்த பிறகே தெரியவரலாம்.

இதற்கு மாற்று, ஜப்பானின் ஷின்யா யமனாகாவால் கிடைத்தது. வளர்ந்த மனிதரின் தோல் செல்லை மறுபடி குருத்து நிலைக்குத் திருப்பலாம் என்று 2007-இல் அவர் காட்டினார். இந்த வழியில் எந்த ஊர்க்காரரின் தோலிலிருந்தும் ரத்தத்திலிருந்தும் ஸ்டெம் செல் வரிசை உருவாக்க இன்று முடியும். பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் ஸ்டைன்பர்க், ஜார்ஜ் மர்ஃபி குழுவினர் இந்த வழியில் அரிவாள் செல் நோய்க்கென்றே ஒரு செல் நூலகத்தை உருவாக்கி 2017-இல் வெளியிட்டார்கள். அமெரிக்கா, பிரேசில், சவுதி அரேபியா என்று வெவ்வேறு பூர்விகம் கொண்ட நோயாளிகளின் செல்கள் அதில் உள்ளன. நோய் ஒன்றே, ஆனால் அது தங்கியிருக்கும் மரபணுப் பின்புலம் வேறு வேறு. இந்திய நோயாளிகளுடைய பின்புலத்தை 'அரபு-இந்திய' வகை என்கிறார்கள். ஓரிடத்து நோயாளிகளை மட்டும் வைத்து எழுதிய பாடம் எல்லோருக்கும் பொருந்தாது என்பதற்கு அந்த நூலகமே சாட்சி.

பெங்களூரின் ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் மனீஷா இனாம்தார் குழு, இந்தியத் தம்பதியரின் கருக்களிலிருந்து இரண்டு ஸ்டெம் செல் வரிசைகளை உருவாக்கியதும், நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் இந்தியக் குடும்பங்களின் ரத்தத்திலிருந்து மூளை நோய் ஆய்வுக்கான ஸ்டெம் செல்களைச் சேமித்துவருவதும் இதே தேவையை உணர்ந்த முயற்சிகள்.

வேலூரும் டெல்லியும்

மரபணுத் திருத்தம் என்றாலே கோடிகள்தானா? வேலூர் ஒரு பதில் வைத்திருக்கிறது. 1986 முதல் மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்துவரும் சி.எம்.சி. மருத்துவமனையில், அலோக் ஸ்ரீவஸ்தவா தலைமையில், ரத்தம் உறையாத ஹீமோஃபீலியா நோயாளிகள் ஐந்து பேருக்கு அவர்களுடைய சொந்த ஸ்டெம் செல்லிலேயே சரியான மரபணுவைச் சேர்த்துத் திரும்பச் செலுத்தினார்கள். முன்பு அடிக்கடி ரத்தக் கசிவால் துன்பப்பட்டவர்களுக்குச் சிகிச்சைக்குப் பின் கசிவே இல்லை. 2024 டிசம்பரில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதை வெளியிட்டது. சிக்கலான செல் சிகிச்சையைத் தமிழ்நாட்டு மருத்துவமனை ஒன்றில் செய்து முடிக்க முடியும் என்பதற்கு அதுவே சான்று. அங்குள்ள ஸ்டெம் செல் ஆய்வு மையம் அரிவாள் செல் நோய்க்கும் தலசீமியா என்ற மற்றொரு ரத்த நோய்க்குமான மரபணுத் திருத்தத்திலும் ஈடுபட்டிருக்கிறது.

டெல்லியில் சி.எஸ்.ஐ.ஆர். மரபணுவியல் நிறுவனத்தின் தேபோஜ்யோதி சக்ரவர்த்தி, சௌவிக் மைத்தி குழுவினர், ஒரு பாக்டீரியாவிலிருந்து எடுத்த கத்தரியைச் செப்பனிட்டு, சொந்தமான கிரிஸ்பர் கருவியை உருவாக்கினார்கள். அதைக் கொண்டு அரிவாள் செல் நோய்க்கான சிகிச்சை, பழங்குடித் தலைவர் பிர்சா முண்டாவின் நினைவாக 'பிர்சா 101' என்ற பெயரில் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. காப்புரிமைக் கட்டணம் வெளிநாட்டுக்குப் போகாது என்பது விலையைக் குறைக்கும் முதல் படி. புசல்ஃபானும் தனி அறையும் இல்லாமல், உடலுக்குள்ளேயே ஸ்டெம் செல்லைத் திருத்தும் ஊசி மருந்து அடுத்த படி. அமெரிக்கத் தேசிய நல நிறுவனமும் கேட்ஸ் அறக்கட்டளையும் 2019-இல் தலா 10 கோடி டாலர் ஒதுக்கியது, ஆப்பிரிக்க மருத்துவமனைகளுக்கு ஏற்ற இத்தகைய எளிய சிகிச்சைகளைத் தேடித்தான்.

காத்திருக்கும் காலத்தில்

2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தேசிய அரிவாள் செல் சோகை ஒழிப்பு இயக்கம் தொடங்கப்பட்டது. தமிழ்நாடு உட்பட 17 மாநிலங்களில், 40 வயதுக்கு உட்பட்ட ஏழு கோடிப் பேரைப் பரிசோதிப்பது திட்டம். 2047-க்குள் நோயை ஒழிப்பது இலக்கு. பரிசோதித்தவர்களுக்கு அவர்கள் நிலையைக் காட்டும் அட்டை வழங்கப்படுகிறது. திருமணத்துக்கு முன் இருவரும் அட்டைகளை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். அட்டை ஒருவரை ஒதுக்கிவைக்கும் முத்திரை ஆகிவிடக் கூடாது. அமெரிக்காவில் 1970-களில் மரபணுவைச் சுமப்பவர்களுக்கு விமானப் படையின் பயிற்சிக் கல்லூரியிலேயே இடம் மறுக்கப்பட்டது. பரிசோதனையோடு பொறுமையான விளக்கமும் சேர்ந்து போக வேண்டும். அதை மக்களின் மொழியில் பேசத் தெரிந்த, அவர்களில் ஒருவரான சுகாதாரப் பணியாளரே நன்றாகச் செய்ய முடியும். கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை பழங்குடிப் பெண்களையே செவிலியராகப் பயிற்றுவித்து, அரிவாள் செல் நோயாளிகளைப் பல ஆண்டுகளாகக் கவனித்துவருவது நம் கண்முன் உள்ள முன்மாதிரி.

இன்று பணியர் குடும்பம் ஒன்றில் இந்த நோயோடு ஒரு குழந்தை பிறந்தால், 2047-இல் அதற்கு இருபது வயது தாண்டியிருக்கும். ஸ்டெம் செல் சிகிச்சை அதற்குள் மலை ஏறி வரலாம், வர வேண்டும். அதுவரை அந்தக் குழந்தை உயிரோடும் நலத்தோடும் இருக்கத் தேவையானவை இவை: பிறந்தவுடன் பரிசோதனை, முதல் ஐந்து ஆண்டுகளுக்குத் தினமும் பென்சிலின், உரிய தடுப்பூசிகள், ஃபோலிக் அமிலம், ஹைட்ராக்ஸியூரியா. இவற்றில் எதுவும் கோடி ரூபாய் பெறாது. எல்லாமே ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கக் கூடியவை.